உப்பளத்துக் கசப்புநீரும் தலைச்சுழற்சி நோயும்

பாலாவி என்றவுடன் சைவ மக்களின் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தின் தீர்த்தமேயாகும். தேவார ஆசிரியர்களாற் பாடப்பெற்ற அப்பாலாவி வேறு. ஈண்டுக் குறிக்கப்படும் பாலாவி வேறு. இது புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியினின்றும் கற்பிட்டி வீதி பிரிந்து செல்லும் சந்தியில் அமைந்த ஊர். கடனீரேரியை அடுத்துக் கிடக்கும் உப்பளங்களும், சுண்ணாம்புக்கல்லை மூலப்பொருளாகக் கொண்ட சீமெந்துத் தொழிற்சாலையும் இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தன. முன்னைய பாலாவி நீராடுதற்குரியது. பின்னைய பாலாவியின் நீரோ வாயில் வைக்கவும் ஒண்ணாதது. எனினும் அந்நீரில் மறைந்து கிடக்கும் ஒரு பொருள், இன்று மருந்துக் கடைகளிற் போத்தல்களில் அடைக்கப்பட்டு, தலைச்சுழற்சியால் வருந்துவோர் பலரால் விலைகொடுத்து வாங்கப்படுகின்றது. அப்பொருளின் இயல்பையும், அது செய்வதாகக் கூறப்படும் நன்மையையும், அந்நன்மைக்கு உள்ள சான்றின் வலிமையையும் ஆராய்வது பயனுடைத்து.

ஓர் இலீற்றர் கடனீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுட் பெரும்பகுதி கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு. ஆயினும் கடனீரை வெயிலில் வற்றவிட்டால் எல்லா உப்புக்களும் ஒருங்கே படிவதில்லை. ஒவ்வொன்றும் தன்தன் முறை வரும்வரை காத்து நிற்கும். முதலிற் சுண்ணாம்புப் பொருளும், அதன்பின் சிப்சமும் படியும். உவர்நீரின் செறிவு போமே அளவுகோலில் 25 பாகையைத் தாண்டும்போதே கறியுப்புப் பளிங்குகள் தோன்றும். இதனாலேயே உப்பளத்தார் நீரைப் பாத்தியினின்று பாத்திக்கு மாற்றி மாற்றி விடுகின்றனர். சிப்சத்தை ஒரு பாத்தியில் விட்டு, உப்பை மற்றொரு பாத்தியில் எடுப்பதே இத்தொழிலின் நுட்பம். செறிவு 30 பாகையை அணுகும்போது பாத்தியில் எஞ்சி நிற்கும் நீர் எண்ணெய் போன்று தடித்து, நாவிற் பட்டால் கடுங் கசப்பாக இருக்கும். அந்நீரை அங்கேயே வற்றவிட்டால் உப்பும் கசந்து, ஈரத்தை உறிஞ்சிக் கசியும். ஆதலின் அதனை வெளியே வடித்துவிடுவர். அக்கசப்புக்குக் காரணம் மகனீசியத்தின் உப்புக்களே.

கடனீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் உண்டு. வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய மகனீசியம் 400 மில்லிகிராம் அளவிலும், பெண்ணுக்கு 310 மில்லிகிராம் அளவிலும் உள்ளதென்பர். எனவே ஒருவரின் ஒருநாட் தேவை முழுவதும் ஏறக்குறைய மூன்றிலோர் இலீற்றர் கடனீரில் அடங்கிவிடுகின்றது. உப்பளத்தினின்று வடித்துவிடப்படும் நீரிலோ அது பன்மடங்கு செறிந்துள்ளது. 1941இல் அமெரிக்காவின் தெட்சாசு மாநிலத்துப் பிறீபோட்டு என்னுமிடத்திற் கடனீரிலிருந்தே மகனீசிய உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கினர். சப்பானியர் இக்கசப்புநீரைக் கொண்டு சோயாப்பாலைத் திரையச் செய்து உணவாக்குகின்றனர். இதனைக் கேட்ட ஒருவர், அங்ஙனமாயின் உப்பளத்து நீரையே சிறிது குடித்தாலென்ன என வினவக்கூடும். அது பேராபத்து. அளவறியாது உட்கொண்ட கசப்புநீர் உயிரையும் போக்கவல்லது. ஒரு பொருள் உடலுக்கு வேண்டியது என்பதும், அதனை எவ்வடிவிலும் எவ்வளவிலும் கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல.

இனி நோயை நோக்குவோம். தலைச்சுற்று, கிறுகிறுப்பு, மயக்கம், கிறுதி எனப் பல பெயர்களால் மக்கள் வழங்குவன எல்லாம் ஒரே நோயல்ல. எழுந்து நிற்கும்போது கண் இருளுவது ஒன்று. நடக்கையிற் தள்ளாடுவது வேறொன்று. படுக்கையிற் புரண்ட கணத்தே அறை முழுவதும் சுழல்வதுபோலத் தோன்றி ஒரு நிமிடத்துக்குள் ஓய்வது மற்றொன்று. இவற்றையெல்லாம் பித்தம் என ஒரே சொல்லில் அடக்கி, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு இருப்போர் நம்மிடையே பலர். அதனாற் கேடொன்றுமில்லை, ஆனால் நோய் எதுவென்று அறியப்படாமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஒற்றைத்தலைவலி உடையோர் சிலரிடத்தே சுழற்சியும் சேர்ந்து காணப்படும். தலைவலியுடனாயினும், தலைவலி இல்லாமலேயாயினும், உலகம் சுழல்வதுபோன்றோ தாம் ஊசலில் ஆடுவதுபோன்றோ உணர்வர். வெளிச்சமும் ஓசையும் பொறுக்கமாட்டார். வாந்தி வரும். பிறர் கண்ணுக்கு அவர் நலமாகவே தோன்றுவர். இருமலில்லை, காய்ச்சலில்லை, காயமில்லை. ஆதலின் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் பழிச்சொல் கேட்பதும் உண்டு. இந்நோயை மருத்துவர் வெஸ்டிபுலர் மைக்கிரேன் என்பர். உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பின் பெயரால் அமைந்தது அச்சொல். இக்கட்டுரையில் இது சுழற்சி ஒற்றைத்தலைவலி எனப்படும்.

தலைவலிக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவு நெடுங்காலமாக ஐயுறப்பட்டு வந்தது. எட்வேட்டு இலிவிங்கு என்னும் ஆங்கில மருத்துவர் 1873இல் ஒற்றைத்தலைவலி பற்றி எழுதிய நூலிலேயே இத்தொடர்பைக் குறித்துள்ளார். உட்செவியின் சமநிலை உறுப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை வியன்னா நகரத்து மருத்துவர் இரொபேட்டு பாரானி விளக்கினார். செவியினுட் குளிர்நீர் விட்டால் கண்கள் ஒரு பக்கமாகவும், வெந்நீர் விட்டால் மறுபக்கமாகவும் துடிப்பதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தவர் அவர். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் உருசியரின் போர்க்கைதியாகச் சிறையில் இருந்தார். அவர் பெயர் தாங்கிய பாரானிக் கழகமும் அனைத்துலகத் தலைவலிக் கழகமும் இணைந்து 2012இலேதான் இந்நோய்க்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறையை வகுத்தன. சுழற்சி ஐந்து முறையேனும் வந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் நீடித்திருத்தல் வேண்டும். நோயாளிக்கு இப்போதாயினும் முன்னராயினும் ஒற்றைத்தலைவலி இருந்திருத்தல் வேண்டும். சுழற்சி வந்த வேளைகளிற் பாதியிலேனும் தலைவலியோ, ஒளியும் ஒலியும் பொறாமையோ, கண்முன் மின்னும் கோலங்களோ உடன் தோன்றியிருத்தல் வேண்டும். பிறிதொரு நோயால் இவற்றை விளக்க இயலாதிருத்தல் வேண்டும். இதனை உறுதிசெய்யக் குருதிச் சோதனையுமில்லை, படச் சோதனையுமில்லை. நோயாளி சொல்லும் வரலாறே சோதனை. யேர்மனியில் நிகழ்ந்த ஆய்வொன்று, வளர்ந்தோருள் நூற்றுக்கு ஒருவரளவிற் இந்நோய் உண்டெனக் கண்டது. ஆதலின் அருமையான நோயன்று, அறியப்படாத நோய்.

ஒற்றைத்தலைவலியின்போது மூளையில் நிகழ்வது யாதென்பது முற்றும் தெளிவாகவில்லை. பிறேசில் நாட்டவரான இலெயாவோ என்பவர் 1944இல், முயலின் மூளைப் புறணியில் ஓரிடத்தைத் தூண்டினால் அங்குத் தோன்றும் செயலடக்கம் குளத்தில் எறிந்த கல்லின் அலைபோலப் பரவுவதைக் கண்டார். நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் என்னும் மிக மெதுவான வேகத்திற் செல்லும் இவ்வலையே கண்முன் தோன்றும் மின்கோலங்களுக்குக் காரணம் என இன்று கருதப்படுகின்றது. நரம்புக் கலங்கள் எளிதிற் கிளர்ச்சியுறும் நிலையில் இருப்பதே இவ்வலை தோன்றுதற்கு வாய்ப்பாகும். மகனீசியம் அக்கலங்களின் வாயில்களிற் காவலனைப்போல் நின்று மிகைக் கிளர்ச்சியைத் தடுக்கின்றது. காவலன் குறைந்தால் வாயில் எளிதில் திறக்கும். மகனீசிய மாத்திரையைப் பரிந்துரைப்போர் கூறும் நியாயம் இதுவே.

நியாயம் அழகியது. ஆனால் அழகிய நியாயம் உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மனிதரிற் சோதித்துப் பார்த்தல் வேண்டும். யேர்மனியில் 1996இல் இரண்டு சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. முதலாவதில் ஒற்றைத்தலைவலியாளர் 81 பேருள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் மகனீசியமும், மற்றைச் சாராருக்கு அதுபோலத் தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. பன்னிரு வாரங்களின் இறுதியில் மகனீசியம் உண்டோரிடத்தே நோய் வருந் தடவை 41.6 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரை உண்டோரிடத்தே 15.8 சதவீதம் குறைந்தது. இரண்டாவது சோதனையில் 69 பேர் பங்குபற்றினர். அளவு சற்றுக் குறைவு. அதன் முடிவோ முற்றிலும் வேறு: நலங் கண்டோர் மகனீசியம் உண்டோருள் 28.6 சதவீதம், வெறும் மாத்திரை உண்டோருள் 29.4 சதவீதம். அதாவது மருந்துக்கும் வெற்றுருண்டைக்கும் வேறுபாடே இல்லை.

ஈண்டு வெறும் மாத்திரை உண்டோரும் நலங் கண்டனர் என்பது உற்று நோக்கற்பாலது. அவர் பொய் கூறினாரல்லர். இந்நோய் ஏறியும் இறங்கியும் வரும் இயல்பினது. நோய் உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் மருந்தைத் தேடுகின்றனர்; உச்சத்துக்குப் பின் இறக்கம் தானாகவே வருவது இயல்பு. அவ்விறக்கத்தின் புகழ் அப்போது கையிலிருந்த மாத்திரைக்குப் போய்ச் சேர்கின்றது. நம்பிக்கையும் தன் பங்கைச் செய்கின்றது. அயலார் ஒருவர் ஒரு மருந்தால் தமக்குக் குணமாயிற்று என்று கூறும்போது அவர் சொல்வது உண்மையாகவும், அவர் கூறும் காரணம் தவறாகவும் இருத்தல் கூடும். மாணவர் இவ்வொன்றை நன்கு விளங்கிக்கொண்டால், பத்திரிகை விளம்பரங்களிற் பாதியை வாசியாமலே விட்டுவிடலாம்.

மகனீசியத்துக்கு அடுத்துப் பேசப்படுவது பி2 விற்றமின் எனப்படும் இரைபோபிளேவின். இது கலங்களினுள்ளே ஆற்றலைப் பிறப்பிக்கும் தாக்கங்களுக்கு வேண்டியது. பெல்சிய நாட்டு ஆய்வாளர் 1998இல் 55 பேரிடத்தே நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்து மூன்று மாதம் சோதித்தனர். நோய் பாதியளவேனும் குறைந்தோர் விற்றமின் உண்டோருள் 59 சதவீதம், மற்றையோருள் 15 சதவீதம். சாதாரணமாக மனிதருக்கு வேண்டிய அளவு நாளொன்றுக்கு 1.3 மில்லிகிராம் மட்டுமே. எனவே கொடுக்கப்பட்டது உணவின் குறையை நிரப்பும் அளவன்று. முந்நூறு மடங்கு மிகையான, மருந்தளவு. ஈரலும் பாலும் முட்டையும் எவ்வளவு உண்டாலும் அவ்வளவை எட்டுதல் இயலாது. இதனால் வருந்துன்பம் சிறிது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதைக் கண்டு செங்கமாரி என அஞ்சாதிருந்தாற் போதும். துணைநொதியம் கியூ10 என்னும் பொருளும் 2005இல் 42 பேரிடத்தே சோதிக்கப்பட்டுச் சிறிது பயன் காட்டியது. விலைதான் மிகுதி.

இவை யாவும் பொதுவாகிய ஒற்றைத்தலைவலிபற்றிய சோதனைகள் என்பதை மறத்தலாகாது. சுழற்சி ஒற்றைத்தலைவலி உடையோரைத் தெரிந்தெடுத்து நிகழ்ந்தவையல்ல. தலைவலிக்கு உதவியது சுழற்சிக்கும் உதவும் என்பது அனுமானமேயன்றி நிறுவப்பட்ட உண்மையன்று. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்கிரேன் நிறுவனத்தார், சுழற்சி ஒற்றைத்தலைவலியைத் தடுக்கும் மருந்தல்லா முறைகளை 2023இல் ஆராய்ந்தபோது, ஏற்கத்தக்க சோதனைகளாகக் கண்டவை மூன்றே. அவற்றுள் ஒன்றுதான் துணையுணவு பற்றியது. அதுவும் குடலுக்கு நன்மை செய்யும் பற்றீரியா பற்றியது, மகனீசியம் பற்றியதன்று. அம்மூன்றின் சான்றும் மிகவும் வலியற்றது என்பதே அவர் முடிபு. இந்நோய்க்கு வழங்கும் மருந்துகளின் நிலையும் பெரிதும் மேம்பட்டதன்று. அமித்திரிப்புத்திலீன், புரோபிரானலோல் முதலியவற்றை மருத்துவர் கொடுப்பதும் பெரும்பாலும் பொதுவான ஒற்றைத்தலைவலியின் அனுபவங் கொண்டே. ஆயினும் அவை எவருக்கு ஆகாதவை என்பது நன்கு அறியப்பட்டுள்ளது. அவற்றைக் கொடுப்பவர் நோயாளியைப் பார்த்துவிட்டே கொடுக்கின்றார்.

துணையுணவு இயற்கைப் பொருளாதலின் தீங்கு செய்யாது என்னும் எண்ணமே யாவற்றினும் கொடியது. பட்டர்பர் என்னும் ஐரோப்பியப் பூண்டின் வேர்ச்சாறு ஒருகாலத்தில் ஒற்றைத்தலைவலிக்கு மிகச்சிறந்த துணைமருந்தெனப் போற்றப்பட்டது. அமெரிக்க நரம்பியற் கழகம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கே முதலிடம் அளித்திருந்தது. ஆனால் அதனை உண்டோர் சிலரின் ஈரல் பழுதுற்றமை தெரியவரவே, அவ்வழிகாட்டி 2015இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. இன்று கவனமுடைய மருத்துவர் எவரும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. விற்போர் மட்டும் இன்னும் உளர். நரம்புக்கு வலிமை தருமென விற்கப்படும் கலப்பு மாத்திரைகளில் உள்ள பி6 விற்றமினை மிகையாக நெடுங்காலம் உண்டால், நரம்பே கெட்டுக் கைகால் மரத்துப்போகும்.

மகனீசியத்துக்கு வருவோம். சிறுநீரகம் நலமாக உள்ளவரிடத்தே அது செய்யுங் கேடு வயிற்றோட்டமே. முற்கூறிய சோதனையில் ஐவரில் ஒருவரளவில் அதனால் வருந்தினர். மிகையானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதுற்றவரிடத்தேயோ அது குருதியில் தேங்கி, தசைகளைத் தளரச்செய்து, இரத்த அழுத்தத்தை வீழ்த்தி, இறுதியில் இதயத்தையும் மூச்சையும் நிறுத்தவல்லது. இது பாலாவியைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காயன்று. புத்தள மாவட்டத்தை அடுத்துக் கிடக்கும் அனுராதபுர மாவட்டமும் அதனைச் சார்ந்த வரண்ட பிரதேசங்களும், காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் 1990ஆம் ஆண்டுகள் தொடங்கி வருந்தி வருகின்றன. அந்நோய் முற்றும்வரை அறிகுறி எதுவும் காட்டாது. வெயிலில் வேலைசெய்யும் நடுவயதுக் கமக்காரரே பெரிதும் அதற்கு இலக்காகின்றனர். அத்தகைய ஒருவர் தலைச்சுற்றுக்கென்று தாமாகவே மகனீசியம் வாங்கி மாதக்கணக்கில் உண்ணுவாராயின், விளைவு யாதாகும்? அரசாங்க வைத்தியசாலையிற் செய்யப்படும் எளிய குருதிச் சோதனை ஒன்று இவ்விடரை முன்கூட்டியே காட்டிவிடும். மாத்திரையின் விலையை விசாரிப்பதற்கு முன் அச்சோதனையை விசாரித்தல் வேண்டும்.

போத்தலின் மேலுள்ள எழுத்துக்களை வாசிப்பதும் ஒரு கலை. 500 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது மகனீசியத்தின் நிறையா, மகனீசியச் சேர்வையின் நிறையா என்பதைப் பார்த்தல் வேண்டும். மகனீசியம் ஒட்சைட்டில் 60 சதவீதம் மகனீசியம். ஆனால் குடல் அதனை அரிதாகவே உறிஞ்சும். சித்திரேற்றில் ஏறக்குறைய 16 சதவீதமே. ஆனால் உறிஞ்சப்படுவது எளிது. இதனை அறியாது இரண்டின் விலையையும் ஒப்பிடுவோர் தவிட்டையும் அரிசியையும் ஒரே படியால் அளப்போரை ஒப்பர். வேறு மருந்து உண்போர், குறிப்பாகத் தைரொயிட்டுச் சுரப்பிக்கு மாத்திரை எடுப்போர், மகனீசியத்தை அதனுடன் சேர்த்து விழுங்கினால் அம்மருந்து உடலிற் சேராது. இடையே சில மணித்தியாலம் விடுதல் வேண்டும். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் எதனையும் தொடுதலாகாது.

உணவின் வழியாக வரும் மகனீசியத்துக்கு இவ்வச்சம் பெரிதுமில்லை. தீட்டாத அரிசியில் உள்ள மகனீசியத்தின் பெரும்பகுதி, வெள்ளைவெளேரெனத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகின்றது. 100 கிராம் எள்ளில் 350 மில்லிகிராம் அளவும், மரமுந்திரிகைப் பருப்பில் 290 மில்லிகிராம் அளவும் மகனீசியம் உண்டு. பயறு, உழுந்து, குரக்கன், முருங்கையிலை, கீரைவகைகள் யாவும் இதனை உடையவை. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் எள்ளுருண்டையும் உண்ட பழைய குடும்பத்தார், மகனீசியத்தின் பெயரை அறியாமலே அதனை வேண்டியவளவு பெற்றனர். இவற்றால் நோய் தீரும் என்பதன்று. குறை இருப்பின் அது நிரம்பும்.

உண்பது எது என்பதிலும் உண்ணும் நேரம் பெரிது. இந்நோயுடையோர் உணவைத் தவறவிடுவதும், உறக்கங் கெடுவதும், நீரருந்தாது வெயிலில் நிற்பதும் நோயை வரவழைக்கும். உப்பளத்து வேலையில் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. விடியுமுன் எழுதல் வேண்டும். வெறும் தேநீரோடு புறப்படல் வேண்டும். ஏறுவெயிலிற் கண்ணாடிபோன்ற பாத்திகளிலும் வெண்ணிற உப்புக்குவியலிலும் பட்டெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச்செய்யும். கந்தசட்டி நோன்பிருப்போரும் இறமழான் நோன்பிருப்போரும் இந்நோயுடையராயின், நோன்புக்கு முன்னரே மருத்துவரோடு கலந்துகொள்ளல் நன்று. அகன்ற விளிம்புத் தொப்பியும், காலையுணவும், கையோடு ஒரு போத்தல் நீரும் விலையுயர்ந்த மாத்திரைகளுக்கு முன் வைக்கத்தக்கவை. நாட்கூலி பெறும் ஒருவர் ஊதியத்தின் ஒரு பகுதியை மாதந்தோறும் பயனறியாத போத்தலுக்குக் கொடுக்கும்போது, அவர் வீட்டுப் பிள்ளைகளின் உணவிலேயே அது குறைகின்றது. இதனைப் பரிந்துரைக்கும் நண்பர் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அயடீன் கதை இதற்கு நேர்மாறானது. உப்பில் அயடீன் சேர்த்தல் இலங்கையில் 1995இற் சட்டமாயிற்று. கண்டமாலை என்னும் நோய்க்கு அயடீன் குறைவே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டிருந்தது, வேண்டிய அளவு மிகச்சிறிது, செலவும் மிகச்சிறிது, எல்லா வீட்டுக்கும் உப்புச் செல்கின்றது. காரணம் தெளிவாக உள்ள இடத்தில் துணைச்சத்து ஒன்று ஒரு நாட்டின் நலத்தையே மாற்றவல்லது என்பதற்கு அது சான்று. சுழற்சி ஒற்றைத்தலைவலிக்கும் மகனீசியத்துக்கும் இடையே அத்தகைய உறவு எதுவும் இதுகாறும் காட்டப்படவில்லை.

இத்தனையும் அறிந்த பின்னரும் மருத்துவரின் ஒப்புதலோடு ஒருவர் மகனீசியத்தையோ இரைபோபிளேவினையோ சோதித்துப் பார்க்க விரும்பின், அதிற் குற்றமில்லை. ஆனால் முதலில் நோய் இன்னதெனத் துணிதல் வேண்டும். படுக்கையிற் புரளும்போது மட்டும் வரும் குறுஞ்சுழற்சி, உட்செவியில் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துணிக்கைகளால் வருவது. மருத்துவர் தலையை முறைப்படி திருப்பினால் அது பலருக்கு ஒரே நாளிற் தீரும், மாத்திரை எதுவும் வேண்டா. காது இரைச்சலும் செவிப்புலக் குறைவும் சேர்ந்து வருவது மெனியேயின் நோயாக இருத்தல் கூடும். திடீரெனச் சுழற்சியுடன் வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒருபக்கக் கைகால் சோர்தல், பொருள் இரண்டாகத் தெரிதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும், அது மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டதன் அறிகுறியாகலாம். கொத்தமல்லி அவிக்கும் நேரத்தையும் வீணாக்காது புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நோய் துணியப்பட்ட பின், ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குக. தொடங்குமுன் ஒரு மாதமும், தொடங்கியபின் மூன்று மாதமும், சுழற்சி வந்த நாளையும் நீடித்த நேரத்தையும் அன்றைய உறக்கத்தையும் உணவையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. மூன்றாம் மாத முடிவிற் கணக்கைப் பார்க்கும்போது வேறுபாடு தோன்றாவிடின், அடுத்த போத்தலை வாங்காது விடுக.